வேலை நாள் இரவில் இறால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழு மணிக்கு வீடு திரும்பி, எட்டு மணிக்குள் தட்டு வைக்க வேண்டிய வீடு எங்களுடையது. செவ்வாய், வெள்ளி அசைவம் கிடையாது. திங்களன்று ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு மிச்சமிருக்கும். ஆகவே பல ஆண்டுகளாகப் புதன்கிழமை இரவு இறால் என்று ஆகிவிட்டது. இதைச் சொன்னவுடன் அலுவலகத் தோழிகளும் தங்கையும் எதிர்வீட்டுப் புதுமணத் தம்பதியும் மாறி மாறிக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் சமையல் படித்தவள் அல்ல. சென்னையில் நாலு பேருக்குச் சமைக்கிறவள். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வந்து இறாலா? அது ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அல்லவா?

அப்படி நினைக்க வைத்தது உரிக்கும் வேலைதான். அடுப்பில் இறால் கேட்கும் நேரம் மூன்று நான்கு நிமிடங்கள். ஆட்டுக்கறி ஐந்தாறு விசில் கேட்கும், கோழி இருபது நிமிடமாவது கேட்கும். வெண்டைக்காயின் வழுவழுப்புப் போவதற்குள் இறால் இரண்டு தடவை வெந்துவிடும். நேரத்தைத் தின்பவை இரண்டு: ஓடு உரிப்பது, வெங்காயம் தக்காளி வதக்குவது. இந்த இரண்டையும் விடுமுறை நாளுக்குத் தள்ளிவிட்டால் புதன்கிழமைக்கு மிஞ்சுவது அடுப்பைப் பற்றவைப்பதுதான்.

எங்கள் வீட்டில் செய்தால் மட்டும் ரப்பர் போல் ஆகிறதே, ஏன்?

அதிக நேரம் வேகவைக்கிறீர்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் வீட்டில் இதுதான் நடக்கிறது. திருமணமான புதிதில் நானும் செய்திருக்கிறேன். கறிக்குழம்பு வைக்கிற அதே முறையில், இறாலை மசாலாவோடு குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டேன். திறந்து பார்த்தபோது கட்டைவிரல் பருமன் இருந்த இறால் சுண்டுவிரல் நுனியளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மாமனார் ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததை எடுக்கவும் இல்லை.

ஆட்டுக்கறியில் தசைகளைப் பிணைத்து வைக்கும் கொலாஜன் நிறைய உண்டு. அது கரைந்து இளகத்தான் நேரம் பிடிக்கிறது. எனவே வேக வேகக் கறி மிருதுவாகிறது. இறாலில் அப்படி இளக வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. சதை வெந்த பிறகும் சூட்டில் இருந்தால், புரதம் இறுகி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். ஈரத்துணியை முறுக்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கிய பிறகு எவ்வளவு குழம்பில் ஊறவைத்தாலும் பழைய மென்மை திரும்பாது.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வடிவத்தைப் பாருங்கள். பிறை போல் வளைந்திருந்தால் சரியான பதம். வால் தலையைத் தொடுகிற அளவுக்கு வட்டமாகச் சுருண்டுவிட்டால் கை தாமதித்துவிட்டது என்று பொருள். நிறமும் சொல்லும். பச்சை இறால் கண்ணாடி போல் சாம்பல் பூத்திருக்கும். வெந்ததும் ஒளிபுகாத வெண்மையும் ஆரஞ்சுக் கீற்றுமாக மாறும். அந்த ஆரஞ்சு நிறம் புதிதாக வருவதில்லை. அஸ்டாசாந்தின் என்ற நிறமி இறாலில் முதலிலிருந்தே இருக்கிறது. ஒரு புரதம் அதைக் கட்டிப்போட்டு நிறத்தை மறைத்து வைத்திருக்கிறது. சூடு பட்டதும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். மசாலா போட்ட பிறகு நிறம் தெரியாது என்பதால் நான் வடிவத்தைத்தான் நம்புகிறேன். சந்தேகம் வந்தால் பெரிய இறால் ஒன்றை எடுத்து முதுகின் தடித்த பகுதியில் நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே கண்ணாடித் தன்மை இருந்தால் இன்னும் அரை நிமிடம்.

மசாலாவோடு சேர்ந்து கொதித்தால்தானே சாறு இறங்கும்?

சாறு இறங்க வேண்டும், ஆனால் இறால் அதுவரை உள்ளே இருக்க வேண்டியதில்லை. கழுவிய இறாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் உப்பும் பிசறி, எண்ணெய் இல்லாமல் சூடான வாணலியில் ஒன்றரை நிமிடம் புரட்டுங்கள். இறால் தானாக நீர் விடும். அந்த நீரை ஒரு கிண்ணத்தில் வடித்து வையுங்கள். இறாலைத் தட்டில் எடுத்துவிடுங்கள். மசாலா வதங்கியதும் அந்த நீரை ஊற்றிக் கொதிக்க விட்டால், நீங்கள் தேடுகிற சாறு முழுவதும் தொக்கில் இறங்கிவிடும். இறால் கடைசி இரண்டு நிமிடத்துக்குத் திரும்பி வந்தால் போதும். இந்த நீரைக் கவிச்சி என்று கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. ருசியில் பாதியைத் தொட்டியில் ஊற்றுகிறார்கள் என்பது என் எண்ணம்.

எந்த அளவு இறால் வாங்க வேண்டும்?

வியாபாரத்தில் கவுண்ட் என்பார்கள்: ஒரு கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்ற கணக்கு. முப்பது கவுண்ட் என்றால் கிலோவுக்கு முப்பது. எண் கூடக் கூட இறால் சிறிது. வேலை நாளுக்கு ஐம்பது அறுபது கவுண்டில் நடுத்தர இறால் தோதானது. மிகப் பெரியது விலையும் அதிகம், உள்ளே வேகுமுன் வெளியே இறுகும். பொடி இறால் ருசியில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் அதை உரிக்கப் புதன்கிழமை இரவு போதாது.

தலையோடு ஒரு கிலோ வாங்கினால் தலையும் ஓடும் போக அரைக் கிலோவை ஒட்டித்தான் சதை நிற்கும். நாலு பேருக்கு, கூட ஒரு காயும் ரசமும் இருந்தால், அது போதும்.

நல்ல இறாலை எப்படி அடையாளம் காண்பது?

தலை உடம்போடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். ஆடிக்கொண்டிருந்தால் நாளாகிவிட்டது. ஓடு பளபளப்பாக, தொட்டால் கெட்டியாக இருக்கட்டும். கடல் வாசனை வரலாம். மூக்கில் ஏறும் அமோனியா நெடி வந்தால் கூடையை அப்படியே வைத்துவிட்டு நகருங்கள். தலையிலும் ஓட்டின் விளிம்பிலும் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உடனே அழுகல் என்று முடிவு கட்ட வேண்டாம். வெட்டிய வாழைக்காய் கறுப்பதைப் போல, ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை அது. ஆனால் புத்தம் புதிது அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

சென்னையில் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை, மெரினா லூப் சாலை ஆகிய இடங்களில் காலையிலேயே போனால் தேர்வு செய்ய வசதி உண்டு. பழவேற்காடு ஏரி இறால் என்று யாராவது உறுதியாகச் சொல்லி விற்றால் நான் பேரம் பேசுவதில்லை. உவர்நீரில் வளர்ந்ததற்கு ஒரு தனி இனிப்பு உண்டு.

உரிக்கும் வேலையிலிருந்து எப்படித் தப்புவது?

மீன் மார்க்கெட் வாசலில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம் கொடுத்துவிடுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கூலி வாங்கிக்கொண்டு, நாம் அரை மணி நேரம் போராடுவதைப் பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். அந்தப் பணத்துக்கு மனக்கணக்குப் போட வேண்டாம். "குடல் எடுத்துக் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஓடு மட்டும்தான் போகும்.

அந்தக் கறுப்பு நரம்பை எடுத்தே ஆக வேண்டுமா?

நரம்பு என்று சொல்கிறோமே தவிர, அது இறாலின் குடல். சாப்பிட்டால் உயிர் போகாது. ஆனால் பெரிய இறாலில் மண் நறநறக்கும், சிறு கசப்பும் தட்டும். முதுகில் லேசாகக் கீறி ஒரு குச்சியால் இழுத்தால் நூல் போல் வந்துவிடும். பொடி இறாலில் யாரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாங்கியதைப் புதன் வரை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

கீழ்த்தட்டில் கூடாது. பச்சை இறாலுக்கு அங்கே ஒரு நாள், நீட்டினால் இரண்டு நாள். புதன்கிழமைக்கு வேண்டும் என்றால் வாங்கி வந்த அன்றே ஃப்ரீசருக்குப் போக வேண்டும்.

எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு கிலோவையும் ஒரே டப்பாவில் அடைத்து உறையவைத்தால், புதன்கிழமை இரவு கையில் ஒரு செங்கல் இருக்கும். அதை உடைக்கவும் முடியாது, வெந்நீரில் போடவும் கூடாது. அதற்குப் பதிலாக, கழுவி, நீரை நன்றாக வடித்து, ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் ஜிப் கவரில் போட்டு, சப்பாத்தி போல் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், இடமும் குறைவு. இப்படி வைத்தது குழாய்த் தண்ணீரில் கவரோடு கிடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இளகிவிடும். ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் ருசி மங்கும்.

வெந்நீரில் போட்டால் ஓரம் வெந்து நடு உறைந்து கிடக்கும். மைக்ரோவேவிலும் அதே கதிதான். இளகியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். காலையில் அலுவலகம் கிளம்பும்போது நினைவு இருந்தால், ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தோடு வைத்துவிட்டுப் போவது எல்லாவற்றிலும் நல்லது. எனக்குப் பாதி நாள் நினைவு இருப்பதில்லை.

கடையில் விற்கும் உறைந்த பாக்கெட் வாங்கலாமா?

தாராளமாக. மார்க்கெட்டில் இருப்பதில் சில, படகில் ஏறிய நாளிலிருந்து பனிக்கட்டியில் நாட்களைக் கழித்தவையே. ஒன்றை மட்டும் கவனியுங்கள். உறைந்த இறால் காய்ந்துபோகாமல் இருக்க மெல்லிய பனிப்பூச்சுக் கொடுப்பார்கள். அது தவறல்ல. ஆனால் ஒரு முறை நான் வாங்கிய அரைக் கிலோ பாக்கெட் இளகியதும் கால் கிலோவுக்குச் சற்று மேல்தான் இருந்தது; மீதி தண்ணீர். அன்றிலிருந்து பனிப்பூச்சு நீங்கலான எடை எவ்வளவு என்று உறையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஏற்கெனவே வேகவைத்துச் சிவந்த நிறத்தில் வருவதை வாங்காதீர்கள். அதை மறுபடி சூடாக்குவது என்பது மறுபடி வேகவைப்பதுதான்.

சரி, புதன்கிழமை இரவு என்னதான் செய்கிறீர்கள்? நிமிடக் கணக்கோடு சொல்லுங்கள்.

பெரும்பாலும் தொக்கு. ஏழு பத்துக்குச் செருப்பைக் கழற்றியதும் இறால் கவரைத் தண்ணீரில் போடுவேன். குக்கரில் அரிசி ஏறும். முகம் கழுவி வந்து, வெங்காயம் நறுக்குவேன்: பெரியது இரண்டு. சின்ன வெங்காயம் உரிக்க ஆள் கிடைத்தால் இருபது. எங்கள் வீட்டில் மகன் அகப்பட்டால் சின்ன வெங்காயம், அகப்படாவிட்டால் பெரிய வெங்காயம்.

ஏழு இருபத்தைந்துக்கு இறாலைக் கழுவி, மஞ்சளும் உப்பும் பிசறி, மேலே சொன்னபடி வெறும் வாணலியில் புரட்டி, நீரையும் இறாலையும் தனித்தனியாக எடுத்து வைப்பேன். அதே வாணலியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். அரைத் தேக்கரண்டி சோம்பு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, பிறகு வெங்காயம். உப்பு ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வதங்கும். பொன்னிறம் தாண்டி ஓரம் சிவக்கும்வரை விடுங்கள். இங்கே அவசரப்பட்டால் தொக்கு முழுவதும் பச்சை வாடை அடிக்கும். இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி, நறுக்கிய தக்காளி இரண்டு. தக்காளி குழைந்ததும் மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் ஒன்று. தூள் கருகாமல் ஒரு நிமிடம் பிரட்டிவிட்டு, எடுத்து வைத்த இறால் நீரை ஊற்றுங்கள். அது வற்றி எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும்போது மணி ஏழே முக்காலை நெருங்கியிருக்கும்.

அடுப்பைக் கூட்டி, இறாலைச் சேர்த்து, இரண்டு நிமிடம் கிளறி, அரைத் தேக்கரண்டி மிளகைப் பொடித்துத் தூவி, அடுப்பை அணைத்துவிடுங்கள். வாணலியின் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். இரும்பு வாணலி என்றால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது, இரும்பு சூட்டை விடாது.

சோற்றுக்கு இது போதும். பக்கத்தில் மிளகு ரசம் இருந்தால் வேறெதுவும் கேட்க மாட்டார்கள். தோசைமாவு இருக்கிற வாரம் தோசைக்கும் இதே தொக்குதான்.

இருபது நிமிடம் வெங்காயம் வதக்கக்கூட நேரமில்லை என்றால்?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஞாயிற்றுக்கிழமையே ஒரு கிலோ வெங்காயமும் முக்கால் கிலோ தக்காளியும் வதக்கி, எண்ணெய் பிரிய விட்டு, ஃப்ரிட்ஜில் வைப்பது. அது இறாலுக்கு மட்டுமல்ல, முட்டைக் குழம்பு, காளான், சன்னா எல்லாவற்றுக்கும் அடித்தளம். நாலைந்து நாள் தாங்கும்.

இன்னொன்று, வெங்காயமே இல்லாத மிளகு பூண்டு இறால். பத்துப் பல் பூண்டைத் தோலோடு தட்டி வையுங்கள். ஒன்றரைத் தேக்கரண்டி மிளகும் அரைத் தேக்கரண்டி சீரகமும் கொரகொரப்பாகப் பொடியுங்கள். நல்லெண்ணெயில் பூண்டும் கறிவேப்பிலையும் பொரிந்ததும், ஈரம் துடைத்த இறாலை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். ஒரு நிமிடம் தொடாதீர்கள். திருப்பிவிட்டு இன்னொரு நிமிடம். உப்பு, மிளகுப் பொடி, கடைசியில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. வாணலியில் கூட்டம் சேர்ந்தால் இறால் நீர் விட்டு அவிந்துவிடும், வறுபடாது. ஆகவே இரண்டு தவணையாகப் போடுங்கள். எல்லாம் சேர்ந்து எட்டு நிமிடம். நியாயமாகப் பார்த்தால் தொக்கைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். வீட்டில் வாக்கெடுப்பு வைத்தால் தோற்றுவிடுகிறேன்.

எலுமிச்சையைக் கடைசியில்தான் விட வேண்டுமா? ஊறவைக்கும்போது விட்டால் என்ன?

புளிப்பு பச்சை இறாலைச் சூடில்லாமலே இறுக்கும். எலுமிச்சையில் அரை மணி ஊறியதைத் தொட்டுப் பாருங்கள், பாதி வெந்ததுபோல் வெளுத்திருக்கும். அதன் பிறகு அடுப்பிலும் ஏற்றினால் இரட்டை வேகல். ஊறவைப்பது என்றால் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, பூண்டு போதும். அதுவும் பதினைந்து நிமிடம். இறாலை இரவெல்லாம் ஊறவைப்பதில் பயன் எதுவும் இல்லை.

காய் சேர்த்தால் அளவு கூடுமே, எதைச் சேர்க்கலாம்?

பீர்க்கங்காய். இதற்கு இணை கிடையாது. பீர்க்கங்காய் நீர்விட்டு, இறாலின் சாற்றைக் குடித்து, தானும் இனிப்பாகிவிடும். கால் கிலோ இறாலை அரைக் கிலோ பீர்க்கங்காயோடு சேர்த்தால் நாலு பேர் திருப்தியாகச் சாப்பிடலாம். மாதக் கடைசிக்கு உகந்த கணக்கு. காயை வெங்காயம், பச்சை மிளகாயோடு முக்கால் பதம் வேகவைத்த பிறகுதான் இறால். தண்ணீர் ஊற்றாதீர்கள், இருக்கிற நீரே அதிகம். சுரைக்காயும் இதே வழியில் வரும். முருங்கைக்காயும் கத்திரிக்காயும் குழம்புக்கு ஏற்றவை. உருளைக்கிழங்கைச் சேர்க்கிறவர்கள் சேர்க்கலாம், எனக்கு ஒப்பவில்லை.

குக்கரில் ஒரே பாத்திரமாக இறால் பிரியாணி?

பிரியாணி என்று சொல்லி யாரையும் வருத்த வேண்டாம். இறால் சாதம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். மசாலாவும் அரிசியும் மட்டும் குக்கரில் வேகட்டும். விசில் அடங்கித் திறக்கும் நேரத்தில் இறாலைத் தனியே மூன்று நிமிடம் வதக்கி, மேலே கொட்டி, மூடி ஐந்து நிமிடம் விட்டுக் கிளறுங்கள். இறால் நீரை அரிசிக்கு ஊற்றும் தண்ணீரில் கணக்குச் சேர்த்துவிடுங்கள்.

மீன்பிடித் தடைக் காலத்தில் என்ன செய்வது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக விடப்படும் காலம் அது. நாட்டுப் படகுகள் கொண்டு வருவது கொஞ்சம் கிடைக்கும், விலை எகிறும். அந்த இரண்டு மாதம் நான் வளர்ப்பு இறாலுக்கு மாறிவிடுவேன்.

அதுவும் இல்லாத வாரம் காய்ந்த இறால். எண்ணெய் இல்லாமல் மணம் வரும்வரை வறுத்து, தலையும் காலும் உதிரத் தேய்த்து, புடைத்து, ஒரு முறை கழுவி, வெங்காயம், மிளகாய் வற்றல், தேங்காய்த் துருவலோடு பிரட்டினால் பத்து நிமிடத்தில் பழையசோற்றுக்கும் தயிர்சாதத்துக்கும் துணை தயார். நாகப்பட்டினம் பக்கத்து உறவினர் யாராவது சென்னாக்கூனி என்ற மிகப் பொடியான காய்ந்த இறாலைக் கொண்டுவந்து கொடுத்தால் அதைக் கண்ணாடிப் பாட்டிலில் பூட்டி வைத்துவிடுவேன். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். காய்ந்த இறாலிலேயே உப்பு இருக்கும்.

வளர்ப்பு இறால் நல்லதா, கடல் இறால் நல்லதா?

ருசிக்குக் கடல் இறால், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வேலை நாளுக்கு வளர்ப்பு இறால் ஒத்துவரும்: ஒரே அளவில் இருப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும்.

இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது வெனாமி. பசிபிக் பெருங்கடலின் லத்தீன் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இனம். இந்தியாவில் 2009-இல் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் பண்ணைகளில் வரி இறால்தான் ராஜா. 1990-களில் வெள்ளைப்புள்ளி நோய் அதைப் புரட்டிப்போட்டது. பண்ணைகளின் மேல் மக்களுக்கு இருந்த கோபமும் சிறிதல்ல. விளைநிலமும் குடிநீரும் உப்பாகின்றன என்று தஞ்சை, நாகைப் பகுதியில் காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றும்படி 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு 2005-இல் தனிச் சட்டம் வந்து, பண்ணைகள் பதிவுக்கும் ஒழுங்குமுறைக்கும் உட்பட்டன. குளோராம்பெனிகால் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. தட்டில் இருக்கும் இறாலுக்குப் பின்னால் இவ்வளவு வழக்கு இருக்கிறது என்பது தெரிந்தும் நான் வாங்குகிறேன்; தெரியாமல் வாங்குவதைவிட அது மேல் என்று நினைக்கிறேன்.

இறால் சாப்பிட்டு எலுமிச்சைச் சாறு குடித்தால் விஷமாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

வருடத்துக்கு ஒரு தடவை எனக்கும் வருகிறது, பெரும்பாலும் பெரியப்பாவிடமிருந்து. இறாலில் உள்ள ஆர்சனிக் வைட்டமின் சி-யோடு சேர்ந்து கொல்லும் என்பது கதை. கடல் உணவில் இருக்கும் ஆர்சனிக் பெரும்பாலும் உடலுக்குத் தீங்கு செய்யாத கரிம வடிவில் இருப்பது. அதை விஷமாக்க ஒரு மூடி எலுமிச்சையால் ஆகாது. உலகம் முழுக்கக் கடல் உணவின் மேல் எலுமிச்சையைப் பிழிந்துதான் சாப்பிடுகிறார்கள். தயிரோடு சேர்த்தால் வெண்படலம் வரும் என்பதும் அப்படியே. அது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோலின் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது.

கொலஸ்ட்ரால்?

நூறு கிராம் இறாலில் ஏறக்குறைய ஒரு முட்டையில் இருக்கும் அளவு கொலஸ்ட்ரால் உண்டு. நிறைகொழுப்பு மிகக் குறைவு. மருத்துவர் குறைக்கச் சொல்லியிருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். மற்றவர்கள் வாரம் ஒரு நாள் சாப்பிடுவதற்கு அஞ்ச வேண்டியது வாணலியில் ஊற்றும் எண்ணெயைத்தான்.

இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு மஞ்சள் போட்டு நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சிரிப்பில்லாமல் பதில் சொல்கிறேன். ஒவ்வாமையைத் தூண்டுவது டிரோபோமயோசின் என்ற புரதம். அது சூட்டுக்கு அசையாது. மஞ்சளுக்கும் புளிக்கும் அசையாது. காய்ந்த இறாலிலும் அது இருக்கிறது, நண்டிலும் ஏறக்குறைய அதே புரதம் இருக்கிறது. "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று விருந்தாளியை வற்புறுத்தும் நம் பழக்கத்தை இந்த விஷயத்தில் விட்டுவிட வேண்டும். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி ஒருவர் வீட்டுக்கு வரும் நாளில் நான் இறாலே சமைப்பதில்லை; ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்துக்குப் போய்விடும் என்ற பயம்.

வீடெல்லாம் வாடை அடிக்கிறது. குப்பைத் தொட்டி இன்னும் மோசம்.

சமைத்த வாடை ஜன்னலைத் திறந்தால் போய்விடும். கைக்குப் புளி தேய்த்துக் கழுவுங்கள். உண்மையான பகைவன் ஓடும் தலையும்தான். இரவு குப்பையில் போட்டால் விடியுமுன் வீடு நாறும். அவற்றை ஒரு கவரில் கட்டி ஃப்ரீசரில் வைத்து, காலையில் குப்பை வண்டி வரும்போது எடுத்துக் கொடுங்கள். கேட்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள், செய்து பார்த்தவர்கள் நன்றி சொல்கிறார்கள். இதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள்: தலைகளையும் ஓடுகளையும் எண்ணெயில் சிவக்க வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கால் மணி கொதிக்க வைத்து வடிகட்டினால், அந்த நீரில் வைக்கும் ரசம் வேறு தரம்.

மிச்சமானதை மறுநாள் சாப்பாட்டுப் பையில் வைக்கலாமா?

இரவே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் வைக்கலாம். ஆனால் அப்படியே சூடாக்கினால் மறுபடியும் ரப்பர் கதை. நான் இறாலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, பொடிமாஸ் ஆக்கிவிடுவேன். முட்டை மென்மையாக இருப்பதால் இறாலின் இறுக்கம் தெரியாது. இன்னொன்று: அலுவலக மைக்ரோவேவில் இறாலைச் சூடாக்கும் பாவத்தை மட்டும் செய்யாதீர்கள். சக ஊழியர்கள் சொல்ல மாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள்.

தொக்கு எடுத்த பிறகு வாணலியில் ஒட்டியிருக்கும் மசாலாவை ஊறவைத்துக் கழுவுவது பெரும்பாடாக இருக்கிறது.

ஊறவைக்கிறீர்களா? அடுப்பை மிகச் சிறிதாக வைத்து, அந்த வாணலியில் இரண்டு கைப்பிடி சூடான சோற்றைப் போட்டு, நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டு, சுரண்டிச் சுரண்டிப் பிரட்டுங்கள். வாணலி தானாகச் சுத்தமாகிவிடும். அந்தச் சோறு யாருக்கு என்பதில் எங்கள் வீட்டில் முறை வைத்திருக்கிறோம். போன புதன்கிழமை மகன் முறை. இந்த வாரம் என் முறை, அதனால் தொக்கை வேண்டுமென்றே வழித்து எடுக்காமல் கொஞ்சம் விட்டு வைப்பேன்.